ஜிம்னிக்குள் சாமான் கூண்டு: பைப்பை விடக் காலைக் கவனியுங்கள்

கேள்வியை ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது ஐந்து கதவு மாருதி ஜிம்னி. பின்சீட்டை மடித்துவிட்டு நீங்களும் தம்பியும் மலைக்குப் போகிறீர்கள். கொழுக்குமலை மாதிரிக் கல் பாதையில் ஏறும்போது டூல் பாக்ஸ், தண்ணீர்க் கேன், அடுப்புப் பெட்டி எல்லாம் உருண்டு முன்சீட்டில் வந்து இடிக்கின்றன. வீட்டில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்பில், 3 எம்எம் கனத்தில், கூரை வரைக்கும் ஒரு கூண்டு அடித்து, தரையில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ (தானே ஓட்டை போட்டுக்கொண்டு ஏறுகிற ஸ்க்ரூ) போட்டுப் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூண்டு அடிக்கலாம், நல்ல யோசனை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று விஷயமும் மாற வேண்டும்: 3 எம்எம் பைப் வேண்டாம், கூரை வரைக்கும் வேண்டாம், அந்த ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். மூன்றில் உயிர் போகிற தவறு கடைசியில் சொன்னதுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாமான் உருளாமல் இருப்பதற்குத்தான் கூண்டு என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கிறோம். அதற்கு மட்டும் என்றால், இழுத்து இறுக்குகிற ரேட்செட் பெல்ட் இரண்டு போதும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு மரத்திலோ லாரியின் பின்பக்கத்திலோ மோதி, முன்பகுதி சுமார் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளையும் சராசரியாக அதன் எடையைப் போல 16 மடங்கு விசை முன்னால் தள்ளும். உச்சத்தில் இன்னும் கூடும். கணக்குக்கு 20 மடங்கு என்று எடுத்துக்கொள்வது நியாயம். 20 கிலோ டூல் பாக்ஸ் அந்த நொடியில் 400 கிலோ. அது போய் நிற்கிற இடம் உங்கள் முதுகும் தலையும்தான்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. காரின் பின்சீட்டுச் சாய்மானம், டிக்கிச் சாமான் உள்ளே பாய்ந்துவிடாமல் தடுக்கிற சுவரும்கூட. ஐ.நா.வின் 17-ஆம் எண் வாகன விதியில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை டிக்கியில் வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்து மோதலுக்குச் சமமான அதிர்ச்சியைக் கொடுத்து, சீட்டு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் சீட்டை மடித்த நிமிடமே அந்தச் சுவர் படுத்துவிட்டது. இனி அந்த வேலையைச் செய்ய வேண்டியது நீங்கள் அடிக்கிற கூண்டுதான். ஆஸ்திரேலியாவில் நீளமான ஸ்டேஷன் வேகன்களில் சாமானை வைத்துக்கொண்டு கரடுமுரடான பாதையில் ஓட்டுவது வழக்கம். அங்கே இந்தத் தடுப்புக்குத் தனித் தரமே எழுதி வைத்திருக்கிறார்கள், ஏஎஸ்/என்இசட்எஸ் 4034 என்று. நம் வீட்டுக் கூண்டை அந்தச் சோதனைக்கு அனுப்பப் போவதில்லை. ஆனாலும் எந்த விசையை மனதில் வைத்துக் கட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

இப்போது அந்த விசை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம். ஜிம்னியில் பின்சீட்டை மடித்தாலும் டிக்கித் தரையோடு சமமாக வராது, ஒரு படி நிற்கும். அதனால் கூண்டின் அடித்தளம் மடித்த சீட்டுக்கு மேலே நிற்க வேண்டும். முன்கால் இரண்டும் பின்சீட்டில் உட்காருபவர் கால் வைக்கிற பள்ளத்தில் இறங்கும், பின்கால் இரண்டும் டிக்கித் தரையில் நிற்கும். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஒரு மீட்டர் என்று வைப்போம். மேலே 60 கிலோ சாமான். அதன் எடை மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மோதலில் அது 1,200 கிலோ விசையாக முன்னால் தள்ளுகிறது. கூண்டு முன்கால்களை ஊன்றிக்கொண்டு குப்புற விழப் பார்க்கும். பின்கால் ஒவ்வொன்றையும் சுமார் 360 கிலோ விசை செங்குத்தாக மேலே பிடுங்கும். இது கூண்டின் சொந்த எடையைச் சேர்க்காத கணக்கு. அதோடு நான்கு கால்களும் தலா 300 கிலோ அளவுக்கு முன்னால் இழுபடும்.

8.8 கிரேடு (பலத்தைக் குறிக்கிற எண்) 8 எம்எம் போல்ட் ஒன்று அறுபட 3 டன் அளவுக்கு இழுக்க வேண்டும். ஆக, போல்ட் அறாது. கிழிவது தகடு. நீங்கள் ஓட்டை போடப் போகிற தரை ஏறக்குறைய ஒரு எம்எம் தகடுதான். அதில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ பிடித்திருப்பது ஒன்றிரண்டு மரையில். கல் பாதையில் குலுங்கியே அந்த ஓட்டை பெரிதாகிவிடும், மோதல் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. பட்டறையில் பைப்பைத் தட்டிப் பார்த்து ‘நல்ல கனம்’ என்று திருப்திப்படுகிறவர்கள் காலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதே இல்லை. கூண்டின் பலம் அதன் காலில் இருக்கிறது. உங்கள் நேரத்தில் பாதியை அங்கே செலவழியுங்கள்.

கால் எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொரு காலுக்கும் மேலே 75க்கு 75 எம்எம் அளவில், 5 எம்எம் கனத்தில் ஒரு தகடு. அதே அளவில் இன்னொரு தகடு வண்டியின் அடியில். நடுவில் தரைத் தகடு, சாண்ட்விச் மாதிரி. காலுக்கு இரண்டு 8 எம்எம் போல்ட், 8.8 என்று தலையில் எழுத்து குத்தியிருக்க வேண்டும், குலுக்கலில் கழலாத நைலாக் நட் போட வேண்டும். அடித் தகட்டின் நான்கு மூலைகளையும் கிரைண்டரில் உருட்டி, விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பு இருந்தால், இழுக்கிறபோது அந்தத் தகடே கத்தியாகித் தரையை வெட்டிவிடும். தரை எங்கும் வரிவரியாக மேடு பள்ளம் அடித்திருப்பார்கள். அடித் தகடு மேட்டில் பாதி, பள்ளத்தில் பாதி உட்காரக்கூடாது. முழுதும் படிகிற இடமாகப் பாருங்கள், அல்லது தகட்டை அந்த வளைவுக்குத் தட்டி எடுங்கள்.

காலுக்குக் கீழே கார்பெட்டும் அதன் பஞ்சும் இருக்கவே கூடாது. தகடு படிகிற அளவுக்குக் கார்பெட்டை வெட்டி எடுத்துவிட்டு, இரும்போடு இரும்பு உட்கார வையுங்கள். சத்தம் வரும் என்று ரப்பர் ஷீட் வைக்கச் சொல்வார்கள். ரப்பரும் பஞ்சும் கொஞ்ச நாளில் அமுங்கும், போல்ட்டின் இறுக்கம் போய்விடும், பிறகு வருகிற சத்தம்தான் பெரிய சத்தம். பெயின்ட்டும் சீலன்ட்டும் போதும்.

ஓட்டை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் லைன், வயரிங், சைலென்சர் எது எங்கே போகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்ட பிறகுதான் டிரில்லை எடுக்க வேண்டும். பிட்டில் ஒரு சிறு பைப் துண்டைக் கோத்து, தகட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி செய்துகொள்ளுங்கள். பின்சீட்டு பெல்ட் பூட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றி அதிலேயே கூண்டையும் பூட்டிவிடலாம் என்று தோன்றும். தொடாதீர்கள். நாளைக்குப் பின்சீட்டில் ஒருவர் உட்காருவார். இடையில் ஒரு தகடு நுழைந்தால் போல்ட் உள்ளே பிடிக்கிற மரை குறைந்துவிடும். போட்ட ஓட்டையின் வெட்டு விளிம்பில் பிரைமர் அடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு தொடங்கிவிடும்.

‘தரை மெல்லிசுதானே, நீள போல்ட் போட்டுச் சேஸிலேயே பிடித்துவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். ஜிம்னி லேடர் சேஸி வண்டி, அதாவது அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். பாடி தனி, சேஸி தனி, நடுவில் ரப்பர் மவுண்ட். ஒரு சக்கரம் பாறையில் ஏறி எதிர்ச்சக்கரம் குழியில் இறங்கும்போது சேஸி முறுக்கிக்கொள்ளும், பாடி அதோடு முழுதாகப் போகாது. இரண்டு கால் பாடியிலும் இரண்டு கால் சேஸியிலும் இருந்தால் அந்த அசைவு முழுவதையும் உங்கள் வெல்டிங் வாங்கிக்கொள்ளும். சில மாதத்தில் வெல்டு ஓரத்தில் விரிசல் விடும், இல்லாவிட்டால் தரை கிழியும். நான்கு காலும் பாடியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது உயரம். ஜிம்னியில் கர்ட்டன் ஏர்பேக் உண்டு, கூரை ஓரமாக மடித்து வைத்திருப்பார்கள். அது கீழே விரிந்து இறங்குகிற வழியில் ஒரு இரும்பு பைப் நின்றால் ஏர்பேக் இருந்தும் பயனில்லை. அதனால் கூண்டின் மேல் விளிம்பு முன்சீட்டுச் சாய்மானத்தின் உயரத்தோடு நிற்கட்டும், ஹெட்ரெஸ்ட் வரைக்கும் போக வேண்டாம். உள்கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியும் தெரியும். எடையும் கீழேயே இருக்கும், அகலம் குறைந்த இந்த வண்டிக்கு மலைச் சரிவில் அது ரொம்ப முக்கியம். முன்சீட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே 10 முதல் 15 சென்டிமீட்டர் விடுங்கள். மோதலில் கூண்டு வளையும், வளைய இடம் வேண்டும். சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்துவைத்து அந்த அளவை எடுங்கள்.

பைப் கனத்துக்கு வருகிறேன். இந்த வண்டியின் சொந்த எடை சுமார் 1,200 கிலோ, அனுமதித்த மொத்த எடை 1,545 கிலோ. இரண்டு பேருக்கு 150 போனால் மிச்சம் 190 கிலோ சொச்சம்தான். நான் சொல்கிற அமைப்புக்கு 18 மீட்டர் பைப் பிடிக்கும், அதாவது கடையில் 20 அடி நீளத்தில் மூன்று. ஒரு இஞ்ச், அதாவது 25க்கு 25 எம்எம் பைப் 3 எம்எம் கனத்தில் மீட்டருக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, 2 எம்எம்மில் 1.4 கிலோ, 1.6 எம்எம்மில் 1.2 கிலோ. 3 எம்எம்மில் அடித்தால் வலையும் காலும் சேர்த்து 45 கிலோவைத் தொடும். முன்சுவரும் கால்களும் 2 எம்எம், மற்றதெல்லாம் 1.6 எம்எம் என்று அடித்தால் 30 கிலோ சுற்றி முடிந்துவிடும். அந்த 15 கிலோ வித்தியாசத்துக்கு 15 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் கொண்டுபோகலாம்.

குறைந்த கனத்தில் பலம் வருவது முக்கோணத்தால். நான்கு பைப்பை நாலு மூலையில் சேர்த்த சட்டத்தை ஓரமாகத் தள்ளினால் சாய்ந்துவிடும், மூலைவிட்டமாக ஒரு பைப் போட்டால் நிற்கும். இது எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கம் மூலைவிட்டம் போடுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பக்கச் சுவரில் அது முன்மேல் மூலையிலிருந்து பின்கீழ் மூலைக்கு இறங்க வேண்டும். சாமான் முன்னால் தள்ளும்போது அந்தப் பைப் இழுபடும். இழுபடுகிற பைப் மெல்லிசாக இருந்தாலும் தாங்கும். எதிர்ப்பக்கமாகப் போட்டால் அது அமுக்கப்படும், மெல்லிய பைப் நடுவில் வளைந்துகொடுக்கும். முன்கால்களுக்கும் இதே மாதிரி, காலின் தலையிலிருந்து பின்பக்கமாகச் சாய்வாக ஒரு தாங்கு கொடுங்கள். முன்சீட்டுகளைப் பார்த்து நிற்கிற முன்சுவரில் இரண்டு மூலைவிட்டம், அதன்மேல் 50 எம்எம் கண்ணுள்ள வெல்டு மெஷ். அந்தச் சுவரில் பைப்பின் வெட்டு முனை எதுவும் ஆட்கள் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. எல்லா முனையையும் தகடு வைத்து அடைத்துவிடுங்கள்.

மேல்பக்கம் மூடி வேண்டும். கல் பாதையில் சாமான் மேலே எகிறும், வண்டி உருண்டால் கேட்கவே வேண்டாம். கீலில் திறக்கிற மெஷ் மூடி நல்லது, அதற்கு மேல் குறுக்கே ரேட்செட் பெல்ட். கூண்டின் பின்பக்கக் கதவுக்கு வீட்டுத் தாழ்ப்பாள் போடாதீர்கள், குலுக்கலில் தானாகவே நகர்ந்து திறந்துகொள்ளும். டிராக்டர் கருவிகளில் வருகிற வளையம் வைத்த லின்ச் பின் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

வெல்டிங். பூச்சு இல்லாத கருப்பு எம்எஸ் (சாதா இரும்பு) பைப் வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் துருப் பிடிக்காதே என்று ஆசைப்படாதீர்கள். வெல்டு செய்யும்போது அந்தத் துத்தநாகம் புகையாகி மூச்சில் போனால் அன்று இரவே குளிர் ஜுரம் வரும், வெல்டும் ஓட்டை ஓட்டையாக விழும். 6013 ரக வெல்டிங் ராடு போதும். 2 எம்எம் பைப்புக்கு 12 நம்பர் ராடு, அதாவது 2.5 எம்எம், 60 முதல் 75 ஆம்பியரில். 1.6 எம்எம் பைப்புக்கு 2 எம்எம் ராடு, 40 முதல் 55 ஆம்பியரில். உங்கள் மெஷின் டிசி என்பதால் ராடு பிடிக்கிற ஹோல்டரை மைனஸில் கொடுங்கள், மெல்லிய பைப் பொத்துக்கொள்வது குறையும். இந்தக் கனத்தில் இடைவெளி இருந்தால் நிரப்ப முடியாது, பைப் உருகிப் போய்விடும். அதனால் கட்டிங்கில் நேரம் எடுங்கள். சேருகிற இரண்டு முகமும் ஒளி தெரியாமல் உட்கார வேண்டும், எண்ணெயும் கருப்புத் தோலும் போகக் கிரைண்டரில் பளிச்சென்று எடுத்திருக்க வேண்டும்.

முதலில் மீந்த துண்டில் இரண்டு பைப்பை டி மாதிரி வைத்து ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்யுங்கள். ஆறிய பிறகு வைஸில் பிடித்து, வெல்டு விரிகிற மாதிரி சுத்தியலால் சாய்த்து உடையுங்கள். பைப் தகடு கிழிந்து வந்தால் வெல்டு சரி. வெல்டு மட்டும் பட்டையாக உரிந்து, அடியில் பைப் வழவழப்பாகத் தெரிந்தால் அது மேலே ஒட்டியிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. ஆம்பியரை ஐந்து ஐந்தாகக் கூட்டி மறுபடி பாருங்கள். வெளியே அழகாகத் தெரிகிற வெல்டில்கூட இந்தக் குறை இருக்கும். உடைத்துப் பார்க்காமல் தெரியாது.

பிறகு ஒவ்வொரு சட்டத்தையும் மட்டமான தரையில் படுக்கவைத்து நான்கு மூலையிலும் டாக் (தற்காலிகமாகப் பிடிக்கிற புள்ளி வெல்டு) அடியுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் வைத்து அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான் முழு வெல்டு. ஒரு மூலையை முடித்ததும் பக்கத்து மூலைக்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போங்கள், இல்லாவிட்டால் சட்டம் இழுத்துக் கோணிக்கொள்ளும். செங்குத்தாக வெல்டு செய்ய வேண்டி வந்தால் கூண்டைப் புரட்டிப் படுக்கவைத்துச் செய்யுங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் ஸ்லாக் (ராடின் கசடு) உள்ளே மாட்டிக்கொள்ளும். முடிந்த பிறகு வழவழவென்று இருக்கட்டும் என்று வெல்டை முழுதும் கிரைண்டரில் தேய்த்துவிடுகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கேட் செய்தால் பரவாயில்லை. இங்கே நீங்கள் தேய்த்து எடுப்பது பலத்தை. கையில் குத்துகிற சிதறலை மட்டும் எடுங்கள்.

வண்டிக்குள் வைத்து ஒரு டாக்கூட அடிக்கக்கூடாது. அட்டையிலும் ரீப்பர் கட்டையிலும் அளவு மாதிரி செய்து, அதை வெளியே எடுத்துவந்து அதன்மேல் கூண்டைக் கட்டுங்கள். உள்ளே கார்பெட்டும் பஞ்சும் தீப்பிடிக்கும், பொறி பட்டு கண்ணாடி புள்ளி விழும், மெஷினின் எர்த் மின்சாரம் இசியூ (வண்டியின் கம்ப்யூட்டர்), ஏர்பேக் வயரிங் வழியாகப் போகப் பார்க்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் ஆபத்து குறையும், ஆனால் அந்த ஆபத்தை வாங்கவே காரணம் இல்லை. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: உருப்படியை முழுதாக முடித்துப் பார்த்தால் கதவு வழியாக உள்ளே போகாது. முன்சுவர் தனி, அடித்தளம் தனி, பக்கச் சுவர்கள் தனி என்று செய்து உள்ளே போல்ட்டில் கோப்பதுதான் வழி. பைப்பின் குறுக்கே போல்ட் போகிற இடத்தில் உள்ளே ஒரு சிறு புஷ் (போல்ட் நுழைகிற குழாய்த் துண்டு) வைத்து வெல்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பைப் நசுங்கும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டும் சேர்த்தோ விதிக்க இடம் இருக்கிறது. அதனால் பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிடாதீர்கள், ஆர்சியில் இருக்கை நான்கு என்று இருக்கிறது. மடித்தபடி இருக்கட்டும். கூண்டு முழுதும் உள்ளேயே, ஸ்பேனர் வைத்துக் கழற்றி எடுக்கிற மாதிரி இருக்கட்டும். தரையில் ஓட்டை போடும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடமும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

பெயின்ட்டுக்கு ரெட் ஆக்ஸைடு ஒரு கோட், மேலே வெளிர் நிறத்தில் எனாமல் இரண்டு கோட். கருப்பு வேண்டாம். வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டால் அதில் முதலில் துருக்கோடு இறங்கும், வெள்ளையிலோ சாம்பலிலோ அது பளிச்சென்று தெரியும், கருப்பில் தெரியாது. 8 எம்எம் போல்ட்டை, இறுக்குகிற அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். முதல் மலைப் பயணம் முடிந்து வந்ததும் டார்ச் அடித்து அந்தக் கோடு விலகியிருக்கிறதா, கால் வெல்டு ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டு மெஷினில் எல்லாவற்றையும் நானே செய்யலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அறுப்பது, டாக் அடிப்பது, மெஷ் வைப்பது, மூடி, கதவு எல்லாம் நீங்களே செய்யுங்கள். அந்த டி துண்டு உடைகிற விதம் உங்களுக்குத் திருப்தி தருகிற வரைக்கும், நான்கு கால் தகடுகளையும் முன்சுவரின் அடி மூட்டுகளையும் மட்டும் டாக் அடித்த நிலையில் ஒரு சிஓடூ வெல்டிங் (ராடுக்குப் பதில் கம்பியும் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவும் வைத்துச் செய்வது) பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குங்கள். கொடுக்கும்போது ‘கிரைண்டிங் போட வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுங்கள்.